சுண்ணாம்பு எழுத்து

ஊத்துக்குளி
6.7.2025

அன்புள்ள ஆத்தப்பன் அண்ணனுக்கு,

உங்கள் ரத்தினசாமி எழுதிக்கொள்வது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கோடு போட்ட தாளில் எழுதியும் மேடும் பள்ளமுமாகத்தான் போகிறது. இந்த ஒரு பக்கத்துக்குக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் யாரும் சொல்லித் தரவில்லை, நானே எழுதுகிறேன்.

அறுபத்தாறு வயதுவரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியாது. நாற்பது வருடம் பனியன் கம்பெனிகளுக்குச் சைக்கிளில் துணிமூட்டை ஏற்றியவனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். சைக்கிள் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கும்போதெல்லாம், “கண்ணாடிய மறந்துட்டனுங்கண்ணா” என்று தாளை உங்களிடம் தள்ளிவிடுவேன். எத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறேன் பாருங்கள்.

இப்போது சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் வகுப்பு. என் பேத்தி வயதுள்ள ஜெயபாரதி டீச்சர், வட்டத்தை மூடவில்லை என்று அதட்டுகிறார். திருப்பூர் பஸ்ஸில் ஏறினால் கடைப் பலகை ஒன்று விடாமல் சத்தமாகப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பொங்கல் பந்தயத்தில் அறுபது தாண்டியவர்களில் மூன்று முறை நாம்தான் ஜெயித்தோம். நான் முன்னால் காற்றை வெட்டிக்கொண்டு போவேன். நீங்கள் தலையைக் குனிந்து என் பின்சக்கரத்தை மட்டும் பார்த்து வருவீர்கள். பால் கேனோடு மிதித்து உரமேறிய அந்தக் காலை லாரிக்குக் கொடுத்துவிட்டு, கணியூரில் மகள் சுபஸ்ரீ வீட்டுக் கட்டிலில் கிடக்கிறீர்கள். அதை நினைத்தால் பேனா நின்றுவிடுகிறது. அதனால்தான் முதல் கடிதம் உங்களுக்கு. போனில் பேசினால் முடிந்துவிடும். இதை வைத்து வைத்துப் படிக்கலாம்.

அன்புத் தம்பி,
ரத்தினசாமி

கணியூர்
13.7.2025

தம்பி ரத்தினசாமிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டேன். சுபஸ்ரீ வாங்கிப் படிக்க வந்தாள், தரவில்லை. தொடைப் புண் மறுபடி திறந்துகொண்டது. இனிச் செயற்கைக் கால் பொருத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வருடப் பந்தயத்தில், ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில், இடப்பக்கம் போகச் சொல்லித் தான் தரையில் சுண்ணாம்பால் எழுதியிருந்ததாகப் பந்தயம் நடத்திய பிரபாகர் சொன்னான். பந்தயத்துக்காக லாரி எதுவும் வராமல் தடுத்து வைத்திருந்ததும் இடப்பக்க ரோட்டில்தான். நாம் நேராகப் போனோம். அந்தப் பிரிவைத் தாண்டியதுமே என் மேல் ஏறிய தண்ணீர் லாரி சாய்ந்து, கொட்டிய தண்ணீரில் தரையெல்லாம் கழுவிப் போய்விட்டது. முன்னால் போன நீ, “அங்க ஒண்ணுமே எழுதலீங்க” என்று எல்லோரிடமும் சொன்னாய்.

உன்னை நம்பித்தான், ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்த பிரபாகரை, “எங்காலயும் எடுத்துட்டுப் பொய் வேற சொல்றயா? இனி என்ற மொகத்துல முழிக்காத” என்றேன். ஊரும் அதையே சொல்லி அவனை விரட்டிவிட்டது.

உனக்குப் படிக்கத் தெரியாது என்றால், எழுதவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?

ஆத்தப்பன்

ஊத்துக்குளி
20.7.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். அதனால் அந்தக் கடைசி வரிக்கு வந்து சேர வெகுநேரம் ஆனது.

தரையில் வெள்ளையாக இருந்தது. என் சக்கரம் அதன் மேல்தான் போனது. காணும் பொங்கல் அன்று வழியெல்லாம் கோலம். இதுவும் கோலமா, எழுத்தா என்று ஒரு நொடி யோசித்தேன். அம்புக்குறி போட்டிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். திரும்பி உங்களைக் கேட்டிருந்தால் போதும். அறுபது வருடம் மறைத்தது வெளியே வந்துவிடுமே என்று நேராக மிதித்தேன். லாரியைப் பார்த்ததும் நான் ஒதுங்கிவிட்டேன். நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

பிறகு போலீஸ் கேட்டபோதும், ஊர் கேட்டபோதும், அதே வெட்கம். ஏதோ வெள்ளையாக இருந்தது என்று சொன்னால், என்ன எழுதியிருந்தது என்று கேட்பார்கள். அதனால் ஒன்றுமே இல்லை என்றேன். பிரபாகரை நீங்கள் ஏசியபோது கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்த வடிவத்தை நினைவிலிருந்து நோட்டில் வரைந்து பார்த்தேன். முதலில் ஒரு சுழி. அடுத்தது ஒரு மூலை. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. இ. ட. அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை.

பிரபாகரைத் தேடிப் போகிறேன்.

ரத்தினசாமி

ஊத்துக்குளி
10.8.2025

அண்ணனுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன்.

பிரபாகர் தாராபுரத்தில் ஒரு சின்ன யூனிட்டில் கூலிக்குத் தைக்கிறார். மெஷினை நிறுத்தாமலே நான் சொன்னதைக் கேட்டார். கடைசியில், “வாயில சொன்னா யாருங்க நம்புவாங்க? எழுதிக் குடுங்க” என்றார். அவர் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதினேன். தேதியும் போடச் சொன்னார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் அதையே இன்னொரு தாளில் எழுதி, முருகன் கோயில் முன்னால் ஊருக்குப் படித்துக் காட்டினேன். திக்கித் திக்கித்தான் படித்தேன். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. இப்போது எங்கள் வீதியில் என்னோடு யாரும் பேசுவதில்லை.

நேற்று சுபஸ்ரீ போன் செய்தது. “அப்பா உங்க லெட்டர இனிப் பிரிக்க மாட்டாராமுங்க. எழுத வேண்டாம்னு சொல்லச் சொன்னாருங்க” என்றது. அழுதது போலிருந்தது.

நீங்கள் பிரிக்க வேண்டாம் அண்ணா. கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுங்கள். அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் என் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும். உறை மேல் இருக்கும் உங்கள் பெயரைப் பார்த்தாலே அது தெரியும்.

ரத்தினசாமி