பெட்ரோல் டேங்கின் காத்துத் திருகு

என் கையில வளந்த தங்கராசுக்கு,

நீ கடலோட போய் ரெண்டு வருசமாச்சு. உன் பொண்டாட்டி செல்வி என்கூடத்தான் இருக்கா. அவகிட்ட இன்னும் சொல்லாத சங்கதி ஒண்ணை உனக்கு எழுதுதேன்லே.

வேம்பார்லருந்து படகு மோட்டாரையும் டேங்கையும் வேன்ல ஏத்தி ராஜபாளையத்துக்கு, என் வீட்டுக்குக் கொண்டாந்தே. "பரமசிவம் கை பட்டாத்தான் எனக்கு நம்பிக்கைக்கா"ன்னே. உன்கூடப் படிச்ச மெக்கானிக்கு. அவன் கார்புரேட்டரைக் கழட்டித் துடைச்சு மாட்டிக் கொடுத்தான். மறுநாளே நீ கடலுக்குப் போனே.

படகுல உன்கூட வந்தவன் நீந்திக் கரையேறிச் சொன்னதுல ஒரு சொல்லும் நான் மறக்கலை. "மோட்டாரு செத்த நேரம் நல்லா ஓடுச்சு. பொறவு இருமி இருமி நின்னுட்டு. பெட்ரோல் குழாய்ல இருக்க, டேங்குலருந்து உறிஞ்சித் தள்ளுற ரப்பர் உருண்டையை அண்ணன் அமுக்கி அமுக்கிப் பார்த்தாரு. சப்பினது சப்பினபடியே கெடந்துச்சு. அதுக்குள்ள அலை படகைப் புரட்டிட்டு."

டேங்கும் கெடைக்கலை, நீயும் கெடைக்கலை.

நான் பரமசிவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அவன் கடை வாசல்ல மண்ணை வாரித் தூத்தினேன். "என் வேலைல குத்தமில்லக்கா"ன்னு அழுதான். நான் விடலை. கடைக்கு வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும், "என் தம்பியைக் கொன்ன கை அது"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஆள் வரத்தே நின்னு போச்சு.

போன வாரம் நம்ம மம்சாபுரம் தோட்டத்துல தண்ணி இறைக்கிற பழைய எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்து நின்னுட்டு. என் மருமகன் வந்து டேங்கு மூடியில இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். புஸ்ஸுன்னு காத்தை உறிஞ்சுச்சு. எஞ்சின் ஓடிருச்சு.

"யாரு அத்தை இதை இறுக்கினது?"

"நாந்தேன். பெட்ரோல் வாடைக்குத் தலை சுத்துது."

"பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்துப் போகணும்லா? அடைச்சு வச்சா எப்படி இறங்கும்? உங்க மூக்குக்குப் பயந்து எஞ்சினு மூச்சை நிறுத்திருச்சு!"

அவர் சிரிச்சார். நான் அந்தத் திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஏலே, நீ கெளம்புன அன்னைக்கு உன் டேங்கு என் அடுப்படிப் பக்கம் இருந்துச்சு. நீ குளிக்கப் போயிருந்தே. வாடை தாங்காம, மூடியில இருந்த திருகைப் பல்லைக் கடிச்சு இறுக்கினேன். நீ அதைத் திறந்தேதான் போட்டு வைப்பேன்னு எனக்கு எங்க தெரியும்? போகும்போது உங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேனா? அதுவா உன்னைக் கொண்டுபோச்சு? டேங்கு இல்லாம யார்கிட்டப் போய்க் கேப்பேன்? ஆனா அந்த உருண்டை ஏன் சப்பிக் கெடந்துச்சுன்னு இப்பப் புரியுதே, தம்பி.

பரமசிவம் வெள்ளிக்கிழமை கடையைக் காலி பண்ணிட்டுத் திருப்பூர் போறானாம்.

செல்வி இப்பத்தான் கூப்பிட்டா, "மதினி, சோறு ஆறுது, வாங்க"ன்னு. இதைக் கேட்ட பொறவு என்னை அப்படிக் கூப்பிடுவாளா?

உன்மேல சத்தியமாச் சொல்லுதேன். அந்தச் சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி அவகிட்டச் சொல்லிருவேன். விடிஞ்சதும் பரமசிவம் தெருவுல நின்னு, யார் யாரைத் திருப்பி அனுப்பினேனோ அவங்க காதுல விழுறாப்புல, இறுக்கினவ நான்னு சொல்லுவேன். அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கிடுதேன்.

இப்படிக்கு,
உன்னை இடுப்புல சுமந்த அக்கா