படையல் மூட்டை

திண்டிவனம்
1-8-88

அன்புள்ள அண்ணனுக்கு,

குழந்தைகள் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் பொய். அண்ணிக்கு முட்டிவலி தேவலையா? வந்து பார்க்கவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், வீட்டை விட்டு நகர முடியவில்லை.

எல்லாம் உங்கள் மாப்பிள்ளையால்தான். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு வலிக்கும்தான். அதற்காக விடிந்தாலும் கஞ்சா, பொழுது போனாலும் கஞ்சாவா? நேற்று மூட்டையோடு விழுந்திருக்கிறார். கேட்டால், "பேஜாரு பண்ணாத கிளி, அது இல்லாட்டி என்னால குனிய முடியாது" என்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றேன். "டாக்டருகிட்ட சொன்னா போலீசுக்குச் சொல்லிடுவான்" என்று பயம். போலீஸ்காரர் நீங்கள் மச்சானாக இருந்தும் இப்படி.

ஆடி அமாவாசைக்குச் சொந்த ஊர் காணைக்குப் போய்ப் பங்காளிகளைப் பார்த்துவிட்டு, விழுப்புரத்தில் மலையனூர்க் கோயிலுக்கு பஸ் ஏறுவார். அன்றைக்கு மடியில் கட்டாயம் பொட்டலம் இருக்கும். பிடித்து ஒரு பகல் ஸ்டேஷனில் உட்கார வைத்து மிரட்டி அனுப்புங்கள். நான் சொன்னது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் தங்கை
கிளியம்மாள்

விழுப்புரம்
5-8-88

அன்புத் தங்கை கிளிக்கு ஆசிகள்.

கவலையை விடு, நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அண்ணி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மாப்பிள்ளையைத் திட்டுகிறாள்.

இங்கே வக்கீல் விருத்தாசலம் என்று ஒருவர், டீக்கடையில் தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். "கஞ்சாவுக்கும் கடை வச்சு அளந்து குடுங்கய்யா. எவன் எவன் குடிக்கிறான்னு தெரியும், வைத்தியம் பார்க்கலாம்" என்கிறார். "சாராயத்துக்குக் கடை வச்சாங்களே, எத்தினி தாலி அறுந்துச்சு?" என்று கேட்டேன். இப்போது வந்திருக்கும் சட்டம் கடுமையானது. அந்தப் பயம் ஒன்றுதான் இவர்களைத் திருத்தும்.

உன் அண்ணன்
கோதண்டபாணி

விழுப்புரம்
13-8-88

கிளி,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. மடியில் ஒரு பொட்டலம் இருக்கும் என்று நேற்று பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையை நிறுத்தினேன். தோளில் துண்டு மூட்டை இருந்தது. அவிழ்த்தால் பொட்டலம் பொட்டலமாகச் சரிந்தது. அமாவாசைக் கூட்டத்துக்காக இன்ஸ்பெக்டரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஆருதுய்யா இதெல்லாம்?" என்றார்.

"எல்லாம் என்னுதுதாங்க" என்றான் பாவி.

நிறுத்துப் பார்த்ததில் முக்கால் கிலோ. அரைக் கிலோவுக்குள் என்றால் சொந்த உபயோகம், ஆறு மாதத்தோடு போகும். மேலே போனால் ஐந்து வருஷம் வரைக்கும் போடலாம். பூமாலை என்று பெயர் எழுதிக் கேஸ் போட்டாயிற்று, மாப்பிள்ளை இப்போது கடலூர் ஜெயிலில். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோதண்டபாணி

திண்டிவனம்
18-8-88

அண்ணா,

ஓடுகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன். காவல் சாமிப் படையலுக்குச் சாராயமும் சுருட்டும் கஞ்சாவும் வீட்டுக்கு வீடு வாங்கி, முறை வைத்து ஒருவர் மலையனூருக்குத் தூக்கிக்கொண்டு போவது பங்காளிகள் வழக்கம். இந்த வருஷ முறை அவருடையது. கட்டினவள் எனக்கே அது தோன்றவில்லை. சாமிக்குக் கொடுத்தவர்களை அவர் காட்டிக்கொடுப்பாரா?

சாராயக் கடையை மூடினார்களே, சாராயம் நின்றதா? கரும்புக் கொல்லையில் ஊறல் போடுகிறார்கள், குடித்தவனுக்குக் கண் போகிறது. கடையில் தாலி அறுந்தது என்கிறீர்கள். சட்டத்தில் என் தாலி என்ன ஆகிறது என்று பாருங்கள். உங்கள் வக்கீலும் எனக்கு முழுதாகச் சரியென்று தோன்றவில்லை. தெருமுனையில் கடை இருந்தால் இவர் அங்கேயே படுத்திருப்பார். ஆனால் இவரைப் பயமில்லாமல் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பேன்.

கோர்ட்டில் நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள். தங்கை சொல்லித்தான் மடக்கினேன், அவருடையது ஒரு பொட்டலம், மற்றது படையலுக்கு என்று சொல்லுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

கிளியம்மாள்

விழுப்புரம்
26-8-88

கிளி,

தங்கை கேட்டாள் என்று மிரட்டப் போனேன் என்றால் என் சட்டையைக் கழற்றிவிடுவார்கள். நீதான் சொன்னாய் என்று தெரிந்தால் அவன் உன்னோடு வாழ்வானா? கண்டதை மட்டும்தான் கூண்டில் சொல்வேன். வக்கீல் விருத்தாசலத்திடம் பேசியிருக்கிறேன், அவர் வாதாடுவார். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், வாயைத் திறக்காதே.

கோதண்டபாணி

திண்டிவனம்
9-9-88

அண்ணனுக்கு,

கடலூருக்குப் போனேன். நான்தான் சொன்னேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே இடுப்பு வலியைக் கேட்டேன். "இங்க டாக்டரு மாத்திரை குடுக்கறாரு. கஞ்சா குடிக்கிறவன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். இனிமே போலீசுக்கு எதுக்குப் பயந்துக்கினு இருக்கணும்?" என்றார். வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்ட வைத்தியம் ஜெயிலுக்குள்தான் கிடைத்தது.

வக்கீலையும் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்துச் சாட்சி நான். காணைக்குப் போய்ப் பங்காளிகளிடம் கெஞ்சினேன். மண்ணாங்கட்டி என்கிறவர் ஒருவர்தான் தன் பொட்டலத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றார். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

முதலில் நீங்கள் கூண்டில் ஏறுவீர்களாம், பிறகு நான். நீங்கள் விட்டதையெல்லாம் நான் சொல்லப்போகிறேன். உங்கள் சட்டை போனாலும் போகும். தெரிந்துதான் சொல்லப்போகிறேன்.

இந்தத் தீபாவளிக்குச் சீர் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். உங்களை வாசலில் பார்த்தால் கை நீட்டி வாங்கிவிடுவேன், அதுதான் பயமாக இருக்கிறது.

கிளியம்மாள்
க/பெ பூமாலை