வேபிரிட்ஜின் நூற்றுப்பத்து வரிகள்

பள்ளிப்பட்டு
3.8.2025

அன்புள்ள வரத்,

நலம்தானே? கும்மிடிப்பூண்டி ஃபேக்டரிக்குப் போனதிலிருந்து நீ எழுதுவதெல்லாம் ஒரு வரி, அரை வரி. எனக்கு வருத்தம்தான்.

நம் வேபிரிட்ஜ் மென்பொருளின் 3.0 வெர்ஷன் தயார். காலேஜில் நாம் இரண்டு பேர் ஜாவாவில் விளையாட்டாகத் தொடங்கியது, இன்று பதினேழு இடங்களில் லாரி எடை போடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூட செய்யலாம் என்று லைசென்ஸ் கொடுத்தோமே, அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

புதிதாகச் சேர்ந்திருக்கும் காயத்ரிக்கு நீ எழுதிய அந்த நூற்றுப்பத்து கோட் வரிகளைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கப் போகிறேன். ஒவ்வொரு எடையும் பதிவாகும் லாக் ஃபைல் பெருத்துவிட்டால் நாள்வாரியாகப் பிரித்து, பழையதைச் சுருக்கி வைக்குமே, அந்தப் பகுதி. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ரிலீஸ் பண்ணலாமா?

அன்புடன்,
சந்திரகலா


கும்மிடிப்பூண்டி
4.8.2025

அன்புள்ள சந்திரா,

காயத்ரிக்கு அதைக் கொடுக்காதே. அது நான் எழுதியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், லாக் நிரம்பி இங்கே கம்ப்யூட்டர் நின்றுபோன அன்று, கேட்டிலிருந்து ஹைவே வரை லாரி. "இன்னா சார், ஒரு வெயிட் போட இம்மாம் நேரமா?" என்று டிரைவர்கள் ஒரே சத்தம். இணையத்தில் கிடந்த வேறொருவருடைய கோட் வரிகளை அப்படியே எடுத்து ஒட்டினேன். மேலே இருந்த அவர் பெயரையும் லைசென்ஸையும் நானே அழித்தேன். அது நம் லைசென்ஸ் மாதிரி இல்லை. அதைச் சேர்த்து வெளியே கொடுப்பவர், தன் மென்பொருளின் கோட் முழுவதையும் அதே லைசென்ஸில் திறந்து கொடுத்தாக வேண்டும். நம்மை நம்பி எடுத்த பதினேழு பேரையும் மாட்டிவிட்டிருக்கிறேன்.

நீ பாராட்டும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அரை வரி.

ரிலீஸ் பண்ண எனக்கிருந்த அனுமதியை நானே நீக்கிவிட்டேன். மென்பொருளை எழுதியவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரையும் எடுத்துவிடு.

வரத்


பள்ளிப்பட்டு
12.8.2025

அன்புள்ள வரத்,

ஒரு வாரம் உனக்கு எழுதவே பிடிக்கவில்லை. வரப்பில் நடந்து நடந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். "ஒண்டியா யாரம்மா திட்டிகினு கீற?" என்று அப்பாவே கேட்டுவிட்டார்.

அந்த வரிகளை எடுத்தாயிற்று. பழைய வெர்ஷன்களில் என்ன தவறு என்று பதினேழு பேருக்கும் எழுதிவிட்டேன். அவற்றை உண்மையில் எழுதியவரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்த வரிகளைப் படித்த நாம் இரண்டு பேரும் அந்தப் பகுதியை மறுபடி எழுதக் கூடாது, கை தானாக அந்த வரிகளுக்கே போகும். பார்க்காத காயத்ரிதான் எழுதப் போகிறாள். அந்தப் பகுதி என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும், ஒரு வரி கோட் இல்லாமல், நீ அவளுக்கு எழுதிக் கொடு.

உன் பெயரை எடுக்க மாட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, நீயாகவே சொன்னாய். உன் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை வரத். உன்மேல் எனக்கு மதிப்பு கூடித்தான் போயிருக்கிறது.

அனுமதியைத் திரும்பக் கொடுத்திருக்கிறேன். காயத்ரி முடித்ததும் 3.0-ஐ நீதான் ரிலீஸ் பண்ண வேண்டும். எங்களுக்கு நடவு இருக்கிறது, நான் வந்து சரிபார்க்க மாட்டேன்.

அன்புடன்,
சந்திரகலா