சிப்பிமேல் சிப்பி

12 ஜூலை 1934, வியாழன்

எஸ்டேட் பள்ளியில் இன்று கல்லாகிப்போன அரியலூர்ச் சிப்பியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பள்ளியை மேற்பார்க்கும் சபை உபதேசியார் உள்ளே வந்து, "நோவா காலத்து வெள்ளத்துல செத்தது" என்றார்.

"செத்த சிப்பிமேல இன்னொரு சிப்பி ஒட்டி வளந்திருக்கு, ஐயா. அதுவும் செத்தபிறகு புழு கூடு கட்டியிருக்கு. ஒரே வெள்ளத்துல இதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்றேன்.

உபதேசியார் தேயிலைக் கொழுந்துக்காட்டிலிருந்து அப்பாவை வரவழைத்தார். "பி.ஏ. படிச்ச ஒம் மவ பொய் சொல்லுதாளா, வேதம் பொய் சொல்லுதா?"

என் வேலையும், தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து வீடும் துரையிடம் அவர் சொல்லும் ஒரு சொல்லில் இருக்கின்றன. அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"எம் மவதான் பொய் சொல்லுதா, ஐயா."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

இரவு வீட்டில் கஞ்சி குடிக்கும்போது அப்பா மெல்லக் கேட்டார்: "ஒரு சிப்பி வளர எம்புட்டு நாளாகும், தாயி?"

"பொய் சொல்லுதவகிட்ட எதுக்குப்பா கேக்கீங்க?" என்றேன்.

பாதிக் கஞ்சியோடு எழுந்து போனார். மிச்சத்தை நாய்க்கு ஊற்றினேன்.