அந்த ஒரு சாண் ஒயர்

மார்ச் 3

என் கணவருக்கு,

"அன்புள்ள" என்று தொடங்குவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் போனை எடுப்பதில்லை என்று அக்காவிடமே புலம்பினீர்களாம். எடுத்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கோபங்களை எல்லாம் அப்படித்தான் கரைத்தீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து படியுங்கள்.

துணி துவைக்கும் மெஷினை நான் தொடும்போதெல்லாம் டிரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டது. "சுருக்குனு கடிக்குதுங்க, ஆள் வச்சுப் பாருங்க" என்றேன். "வயசாச்சுல்ல, நரம்பு. மெஷின் என்ன பண்ணும் பாவம்!" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? சலூனில் போய், "எங்க வீட்டம்மா கை பட்டா கரண்டே பயந்து ஓடுது" என்று ஒரு கதை. சலூன்காரர் மனைவி என்னிடமே சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டினேன், மானங்கெட்டவள்.

பிறகு டிவியில் மேட்ச் பாதியில் நின்றுபோகிறதென்று, அந்த சுவிட்ச் விழவே முடியாதபடி ஒரு சாண் ஒயரைக் குறுக்கே போட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஈரக்கையோடு மெஷின் மூடியைத் தொட்டேன். கை ஒட்டிக்கொண்டது. கத்த வாய் வரவில்லை. கால் வழுக்கி விழுந்ததால் பிழைத்தேன். தடுக்கி விழுவதில் நான் கெட்டிக்காரி என்று எப்போதும் கிண்டல் செய்வீர்களே, அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் காப்பாற்றியது.

வலது கையில் கத்தரிக்கோல் நிற்கவில்லை. தையல்காரிக்கு வேறு என்ன இருக்கிறது?

அந்த ஒயரை எடுத்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
நரம்புக் கோளாறுக்காரி


மார்ச் 7

கோபக்கார மகாராணியின் சமூகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது. மருந்துக்கடையில் நீட்டினால் இருமல் மருந்து கொடுத்துவிடுவான்.

நான் வேண்டுமென்றா செய்தேன்? அந்த சுவிட்ச் பழுது. ஃப்ரிட்ஜ் ஓடினால் விழாது, மிக்ஸி ஓடினால் விழாது, நீ மெஷினைத் தொட்டால் மட்டும் விழும். உனக்கும் அதற்கும் என்னவோ தீராத பகை. எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன், வருவார்.

ஊருக்கெல்லாம் விபத்துக் காப்பீடு விற்கிறவன் நான். எனக்கா உன்மேல் அக்கறை இல்லை? முதல் பாலிசியே உன் பெயரில்தானே போட்டேன்!

மாடி வீட்டம்மா தினமும் விசாரிக்கிறார். உன் அக்காவுக்கு முட்டுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவைக் கொஞ்சம் நொண்டச் சொல்.

உன் அடிமை


மார்ச் 11

பாலிசிக்காரருக்கு,

ஒயரை எடுத்தீர்களா என்று கேட்டேன். உங்கள் பதிலில் அந்த ஒயரைத் தவிர எல்லாம் இருக்கிறது.

அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னதும் அத்தான் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அந்த சுவிட்ச் போற கரண்டையும் திரும்பி வர்ற கரண்டையும் ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும்மா. ரெண்டும் சமமா இருந்தா சும்மா கிடக்கும். வர்றது கொஞ்சம் குறைஞ்சாலும், வேற வழியா, யார் உடம்பு வழியாவாவது, தரைக்கு இறங்குதுன்னு அர்த்தம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அறுத்துடும்" என்றார். "மெஷினுக்கு எர்த் இல்லியா?"

எர்த்! எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நுழையவில்லை என்று பிளக்கின் பெரிய எர்த் முள்ளை ரம்பத்தால் அறுத்தவர் யார்? கசிந்த கரண்டுக்குப் போக வழியில்லை. மெஷின் தகரத்திலேயே காத்துக் கிடந்திருக்கிறது. என் கை பட்டால்தான் அதற்கு வழி.

புரிகிறதா? அது பழுதாகி விழவில்லை. விழுந்த ஒவ்வொரு தடவையும் என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த வீட்டில் நான் சொன்னதை நம்பியது அது ஒன்றுதான். அதன் வாயையும் கட்டிப்போட்டீர்கள்.

இனி ஒரு நகைச்சுவை வந்தாலும் கடிதம் திரும்பி வரும். ஒயரை எடுங்கள். சலூனில் சொன்ன கதையை அதே சலூனில் திருத்திச் சொல்லுங்கள். அதுவரை நான் அங்கே வருவதாக இல்லை.

இப்படிக்கு,
உயிரோடு இருப்பவள்


மார்ச் 18

அன்புள்ளவளுக்கு,

ஒயரை எடுத்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் புது பிளக் போட்டு, எர்த் இழுத்தார். மெஷினுக்குள் தண்ணீர் சுடவைக்கும் கம்பியில்தான் கசிவு, அதையும் மாற்றினார். டிரிப் சுவிட்சில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன், டப்பென்று விழுந்தது. அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டுமாம். இத்தனை வருடத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை.

சலூனுக்குப் போனேன். வாயைத் திறந்ததுமே சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்தாலே அவர்களுக்கு அப்படிப் பழகிவிட்டது. "பிளக் முள்ளை நானேதான் அறுத்தேன்" என்றேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கடிக்குதுன்னு அவ சொன்னா. நான் நம்பலை" என்றேன். சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, "ஏன் சார் நம்பலை?" என்று கேட்டார்.

பாதிச் சவரத்தோடு எழுந்து வந்துவிட்டேன். தெருவில் என் பாலிசி வாடிக்கையாளர் ஒருவர் எதிரே வந்தார். இது நகைச்சுவை இல்லை, சத்தியமாக வந்தார்.

கை எப்படி இருக்கிறது? போன கடிதத்தின் முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

உன் கணவன்


மார்ச் 24

என்னங்க,

கை பரவாயில்லை. நூல் வெட்டும் சின்னக் கத்தரி நிற்கிறது. துணி வெட்டும் பெரியது இன்னும் இல்லை.

சலூன்காரர் கேட்டதற்குப் பதில் யோசித்து வையுங்கள். எனக்கு அவசரமில்லை, ஆனால் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். கோபத்தை அக்கா தலையில் கட்டிவிட்டு வர முடியாது, அதுவும் கூடவே வருகிறது. வலது கையால் எதையும் தூக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் உங்களுக்கு ஏதாவது சொல்லத் தோன்றும். ஒன்றும் சொல்லாதீர்கள். பையை வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் மனைவி