மேற்குக் கடலில் எடுத்த கல்

மனோர் பார்க், லண்டன்
வெள்ளிக்கிழமை

இல்லை, அப்பா இன்னும் வீடு திரும்பவில்லை. வரமாட்டாராம்.

அன்புள்ள தக்ஷிகா, வெலிங்டனில் நீயும் மருமகன் ஆரணனும் சுகமாக இருக்கும்போது இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று எழுதித் தொடங்குகிறேன். சுகம் என்ற சொல்லில் இம்முறை பேனை நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். நான் சுகம். சட்டனில் உன் தம்பி லக்‌ஷன் சுகம். உன் அப்பா வடக்கே ஒரு கிராமத்தில் முழங்கால் வீங்கிக் கட்டிலில் கிடக்கிறார், அவரைக் கேட்டால் அவரும் சுகம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் எழும்பும் நேரம் நீ படுக்கப் போகிறாய், அதோடு வீடியோவில் நீ சிரித்துவிடுகிறாய், என் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது. இந்தக் கோபம் பாதியில் நிற்கக் கூடாது. ஆகவே எழுதுகிறேன். லக்‌ஷன் இதைப் படம் எடுத்து அனுப்புவான், தாள் பின்னால் தபாலில் வரும்.

நீ கேட்டதெல்லாம் அப்பாவின் பக்கம். என் பக்கத்தையும் கேள். சீனி கூடிவிட்டது, டொக்டர் நடக்கச் சொன்னார் என்றார். சரி, வான்ஸ்டெட் பிளாட்ஸ் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, புல்லும் மரமும் நாய்களும், நடவுங்கோ என்றேன். அது காணாதாம். இங்கிலாந்தின் மேற்குக் கடலில் தொடங்கிக் கிழக்குக் கடலில் முடியும் பாதை ஒன்று இருக்கிறதாம், அதில்தான் நடப்பாராம். இடையில் மலை, ஏரி, சேறு, செம்மறியாடு, மறுபடியும் மலை. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இருந்தபடியே லண்டனைக் கடந்தவர். நீ உடனே சப்பாத்து அனுப்பினாய். அந்தப் பெட்டியைத் திறந்தவள் நான்தான், வடிவாய் இருக்கு என்று சொன்னவளும் நான்தான். மடைச்சி.

அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் மாதக்கணக்கில் முந்தியே அறை பதிந்து வைப்பார்களாம். அப்பா ஒன்றும் பதியவில்லை. இளவயதில் ஒருமுறை கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். அங்கே வழிநெடுக மடம், கோயில் மண்டபம், போன இடத்தில் சோறு. யாத்திரைக்காரனுக்கு ஆர் கதவைப் பூட்டுவினம் என்று என்னிடமே கேட்டார். முதல் நாள் பொழுதுபட ஒரு தேவாலயக் கதவைத் தட்டி, இங்கே படுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நெற்றியில் திருநீறு, முதுகில் பொதி, கையில் எள்ளுப்பாகு டப்பா. அங்கிருந்த பெண் பாதிரியார் பயப்படாமல் மண்டபத்தைத் திறந்துவிட்டு சூப்பும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கோழி சூப். விரதக்காரர் அதோடு வந்த பாண் துண்டுகளை மட்டும் தின்றுவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்: பாத்தீரோ, நான் சொன்னன்தானே, இஞ்சையும் மடம் இருக்கு. அந்த ஒரு வெற்றி போதாதா, மனிதர் பிறகு எந்தச் சொல்லும் கேட்கவில்லை. அடுத்த ஊரில் தேவாலயம் பூட்டு. ஆட்டுக்கொட்டில் ஒன்றில் படுத்தார். யாத்திரையில் ஒருவரையொருவர் சாமி என்று கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். இவர் வழியில் கண்ட வெள்ளைக்காரர் எல்லோரையும் சாமி ஆக்கிவிட்டார். லீட்ஸைச் சேர்ந்த ஒரு பல்வைத்தியர், ஓய்வெடுத்தவர், அர்த்தத்தைக் கேட்டு அறிந்துகொண்டு அவரும் திருப்பிச் சாமி என்கிறாராம். அந்தப் புண்ணியவான்தான் தன் அறைகளில் இவருக்கும் ஒரு கட்டில் போடச் செய்து இதுவரை கொண்டுவந்து சேர்த்தார். சிக்னல் கிடைக்கிற மேடுகளில் நின்று ஊர்ப் பெயரை மட்டும் எனக்குச் சொல்வார், பஸ் தரிப்பிடம் சொல்வது போல. மழையோ என்று கேட்டால் இல்லை என்பார். பின்னால் மழை கேட்கும். முருகன் எந்த மலையிலும் இருப்பார் என்றார் ஒருநாள். இருப்பார், அவரிடம் குடை இருக்கும் என்றேன்.

பிறகு அந்தக் கல். அந்தப் பாதைக்கு ஒரு வழக்கம் உண்டு. மேற்குக் கரையில் காலை நனைத்து ஒரு கூழாங்கல் எடுக்க வேண்டும், அதைச் சுமந்துபோய்க் கிழக்குக் கடலில் போட வேண்டும். வெள்ளைக்காரருக்கு விளையாட்டு. எங்களுக்கு? அந்தியேட்டிக்குத்தான் நாங்கள் கல் வைத்து, செத்துப்போனவரை அதில் இருத்தி, பூசை செய்து, கடலில் போடுகிறோம். இது அவருக்குத் தெரியாததா. இஞ்சேருங்கோ, எறியுங்கோ அதை, ஆரைக் கரைக்கப் போறியள் என்று சத்தம் போட்டேன்.  பிறகு, ஒருத்தரையும் இல்லை என்றார். வைத்துவிட்டார். நான் கத்தி முடிக்கும் வரை காத்திருக்கிற மனிதர் அவர். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

புதன்கிழமை ஒரு சரிவில் இறங்கும்போது முழங்கால் பிசகிவிட்டது. கடைசி மலைத்தொடர் தொடங்கும் இடம் அது, புல்லும் புதருமாய் வெறும் மேட்டுநிலம், அதைக் கடந்தால் கடல். விடுதிக்காரம்மா தாதி ஒருவரை அழைத்துக் காட்டியிருக்கிறார். இனி இந்தக் காலோடு நடக்கவே கூடாது என்று தாதி சொல்லிவிட்டார். லக்‌ஷன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிவர நேற்று அவ்வளவு தூரம் கார் ஓட்டினான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றானாம். அப்பா ஏறவில்லை. கார்ல ஏறினா எல்லாம் முறிஞ்சுபோகும் தம்பி, வீக்கம் வத்தட்டும், நான் நடந்து முடிச்சிட்டு வாறன் என்றாராம். என்ன முறியும் என்று இவனுக்கு விளங்கவில்லை. அம்மா, ஹி இஸ் நொட் நோர்மல் என்று வழியிலிருந்தே எனக்குச் சொன்னான். எப்போது நோர்மலாக இருந்தார் என்றேன். இருவரும் சிரித்தோம். கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

இன்று காலை சேர்ச் ரோட் கோயிலுக்குப் போனேன், அப்பாவின் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்விக்க. எனக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பில்லை, நீ அறிவாய். கோபம் வேறு எங்கும் போக இடமில்லாதபோது கோயிலுக்குப் போகும். யோகராஜா, உத்திர நட்சத்திரம் என்றேன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, மகளுக்கும் சேர்த்துச் செய்யிறன், கேட்டை எல்லோ என்றார். உன் நட்சத்திரம் அவருக்கு எப்படித் தெரியும். நான் பார்த்த பார்வையைக் கண்டுவிட்டு அவரே சொன்னார்: உங்கட அவர் வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையின்ட பேருக்குச் செய்விக்கிறவர்தானே அம்மா, கழுத்து ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுதாம், கடைசி ஸ்கானுக்காக நேர்ந்திருக்கிறன், கடலிலயிருந்து கடலுக்கு நடக்கப் போறன் எண்டவர், முடிவு வந்திட்டுதோ? நான் ஓம் என்றேன். பிறகு இல்லை என்றேன். என் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று ஐயரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே போனார். உன் பெயரும் நட்சத்திரமும் சமஸ்கிருதத்துக்குள்ளிருந்து வந்தன. தட்டில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு கறுப்புப் புள்ளி.

அந்தச் சால்வை. மாசி மாதம் வீடியோவில் கழுத்தைச் சுற்றி நீலச் சால்வை. உங்களுக்கு அங்கே கோடை என்று நீதான் சொன்னாய். குளிர் எண்டு போட்டனான் அம்மா என்றும் நீதான் சொன்னாய். நான் மஞ்சள் போட்டுப் பால் குடிக்கச் சொன்னேன். கட்டியை வெட்டி எடுத்த கழுத்துக்கு மஞ்சள் பால். அப்பா பக்கத்தில் இருந்து தலையாட்டினார். அம்மா தாங்கமாட்டா என்று நீங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறீர்கள். ஆர் உங்களுக்குச் சொன்னது? ஷெல் விழுகிற ஊரில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். தாங்குவதற்கு என்ன இருக்கிறது என்று முதலில் ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னால்தானே தாங்கலாம். நீங்கள் என்னைப் பயத்திலிருந்து காப்பாற்றவில்லை. என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தெரிஞ்சிட்டுது என்றேன். முதலில் முழங்காலைப் பற்றிக் கதைத்தார், விடுதிக்காரம்மா ஐஸ் கட்டி வைக்கிறார், நல்ல மனிசி என்றார். பிறகுதான் சொன்னார். ஸ்கான் எடுத்தாகிவிட்டது, திங்களில் இருந்து எந்த நாளும் முடிவு வரலாம், அதற்குள் கடலைத் தொட வேண்டும் என்று நேர்ந்திருக்கிறார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. படம் எடுத்தாகிவிட்டது. அதில் இருப்பது இருக்கிறது. ஒருவர் மேட்டில் நடந்து அதை மாற்ற ஏலாது, நான் எத்தனை பிள்ளைகளுக்கு ஊடுகதிர், எக்ஸ்ரே எல்லாம் படிப்பித்தேன் என்றேன். ஓம், ஏலாதுதான் என்றார். பிறகு ஏன் நடக்கிறீங்கள் என்றேன். வீட்டில சும்மா இருக்க ஏலாமல் கிடந்தது என்றார்.  கல் எங்கே என்று கேட்டேன். பொக்கற்றுக்குள். எறியச் சொன்னனெல்லே. நீர் சொன்னது சரி, எறிய மனம் வரேல்லை என்றார். அந்தக் கரையில கன கல்லு கிடந்தது பாலா, பிள்ளையின்ட கழுத்திலயிருந்து எடுத்தது எவ்வளவு பெரிசு எண்டு மருமகன் சொன்னவர், அந்த அளவாப் பாத்துத்தான் எடுத்தனான், கொண்டுபோய்க் கடல்ல எறியத்தான்.

  தொலைபேசியை இருவரும் வைக்கவில்லை.

பின்னேரம் ஐயருக்கு எடுத்து, வழியில் நின்றுபோன நேர்த்திக்கடனை வேறு ஒருவர் முடிக்கலாமோ என்று கேட்டேன். ஆர் என்றார். தாய் என்றேன். தாய் நடந்தா முருகன் ஏன் எண்டு கேக்கமாட்டார் என்றார். ஆகவே இப்படி முடிவு: ஞாயிற்றுக்கிழமை நான் அப்பா இருக்கும் ஊருக்குப் போகிறேன், மிச்ச வழியை நடக்க. பல்வைத்தியர் எனக்காக அங்கே காத்திருக்கிறார், பாதை அவருக்குத் தெரியும். லக்‌ஷன் அப்பாவைக் காரில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுபோய் வைத்திருப்பான். கல் என் பையில் வரும். நேர்த்தி என் தலைக்கு மாறியபின் அவர் காரில் ஏறலாம், இதையும் ஐயரிடம் கேட்டுவிட்டேன். நான் நம்புகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கும் வீட்டில் சும்மா இருக்க ஏலாது.

உனக்கு அனுப்ப மிளகாய்த்தூள் வறுத்து வைத்திருக்கிறேன், திரும்பி வந்துதான் அனுப்புவேன், அதுவரை கடைத்தூளில் சமை. இரவில் தலை ஈரத்தோடு படுக்காதே. வேலைக்கு அவசரப்பட்டுப் போகாதே. ஆரணனிடமும் எனக்குக் கோபம்தான், ஆனாலும் ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தவன் அவன், அதற்காகக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன், சொல். முடிவு வந்ததும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அல்ல. எனக்கு. நான் மேட்டில் சிக்னல் இல்லாமல் இருந்தால் கிடைக்கும் வரை திரும்பத் திரும்ப எடு. நல்லதென்றாலும் மற்றதென்றாலும் நான் தாங்குவேன். அடுத்த முறை வீடியோவில் சால்வை இல்லாமல் வா, அந்தத் தழும்பை நான் பார்க்க வேண்டும். நீ நீண்டகாலம் நோயில்லாமல் இருக்க வேண்டும், பிள்ளை. நான் கேட்பது அது ஒன்றுதான்.

உன் மேல் கோபம் ஆறாத
அம்மா
பாலாம்பிகை

பி.கு.: இதை எழுதி முடித்துவிட்டு ஸ்ட்ராட்ஃபோர்ட் போய் ஒரு சோடி சப்பாத்து வாங்கினேன். குதிக்கால் கடிக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வான்ஸ்டெட் பிளாட்ஸை ஒருமுறை சுற்றி வந்தேன். மழை தொடங்கியது. இன்னொருமுறை சுற்றினேன்.