கூட வந்த ஆள்

தம்பியாய்ப் பிறந்து தங்கையாய் வாழ்ந்த என் தங்கமே ரேணுகா,

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. துக்கம் என்று ஊரார் நினைக்கிறார்கள். பொறாமையம்மா, பொறாமை.

மெடிக்கல் காலேஜிலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் நம் திருப்புலிவனத்துக்கு வந்தார்கள். உன் படத்தின் முன்னால் "ரேணுகாம்மா" என்று அழுதார்கள். உனக்குச் சர்க்கரை எவ்வளவு, எந்தக் கால் மரத்துப்போகும், எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. இது நியாயமா?

ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, எங்களுக்கு க்ளாஸ் எடுத்ததே அவங்கதான்."

"இன்னாம்மா சொல்ற? அவ அஞ்சாவதே தாண்டலியே!"

"பேஷண்ட் மாதிரி வந்து உக்காருவாங்க. நாங்க டாக்டரா பேசணும். பேரு என்னான்னு கேக்காம ஆரம்பிச்சா எழுந்து போய்டுவாங்க. என்னை மூணு தடவை வாசல் வரைக்கும் ஓட வச்சாங்க. தொண்டை வலின்னு சொன்னதுக்கு ஒருத்தன் ஆபரேஷன் பத்திக் கேட்டான். 'தொண்டை நோவுதுன்னா தொண்டையப் பாருடா கண்ணு, கீழ இன்னாத்தத் தேடற?'ன்னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னிடம் எப்போது நீ இப்படிப் பேசினாய்?

பிறகு, நீ ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லும் கதையைச் சொன்னாள். காய்ச்சலோடு நீ ஆஸ்பத்திரிக்குப் போனாயாம். கூட வந்த ஆள் சீட்டு போடும் இடத்தில் உன் பழைய பெயரைக் கொடுத்துவிட்டாராம்.

எனக்கு அந்த நாள் அப்படியே நினைவிருக்கிறது. உன்னை ஆண்கள் வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நீ அசையவில்லை.

"காதுல வுழல? கூப்டுறாங்க, எழுந்திரு."

"அது நான் இல்லண்ணா. என் பேரைச் சொல்லிக் கூப்டட்டும்."

"ரேஷன் கார்டுல அந்தப் பேருதான கீது? பேஜார் பண்ணாத. எல்லாரும் பாக்கறாங்க."

வைத்தியம் பார்க்காமலே பஸ் ஏறிப் போய்விட்டாய். எட்டு வருஷம் நம் வாசலை மிதிக்கவில்லை.

"அந்த ஆளு யாருன்னு சொன்னாளா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"கேட்டோம் தாத்தா. 'வுடுங்க, அந்தாளுக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல'ன்னாங்க."

அந்த வார்த்தையைப் போய் யார் பெற்ற பிள்ளைகளிடமோ கொடுத்தாயே! எனக்குச் சேர வேண்டியதல்லவா அது? போன தீபாவளிக்கு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாயே, அப்போது ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை என்பதாலா?

அந்தப் பெண் என்னை வகுப்புக்கு வந்து உன்னைப் பற்றிப் பேசும்படி கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

வருகிற புதன்கிழமை போகிறேன். அந்த ஆள் நான்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். திட்டினால் திட்டட்டும். ஆனால் ரேணுகா என் தங்கச்சி என்றும் சொல்வேன். எத்தனை வருஷம் படித்தாலும் அந்தப் பிள்ளைகளில் ஒருவராலும் அதைச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உனக்கு மூன்று வருஷம் முன்னால் அதே வயிற்றில் பிறந்த
உன் அண்ணன்